‘வாசல்’ பெயருக்கு எதிரே சைபர்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கன்டெய்னர் இருந்ததாம். இருந்தது என்று சொன்னால் இருந்தது, இல்லை என்று சொன்னால் இல்லை. இருக்கிறதா இல்லையா என்று வாரா வாரம் போய்ப் பார்த்துச் சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்தானாம்.

அந்த ஆள் நான்தானுங்க அம்மணி. குழந்தைவேலு. இந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம். உட்காருங்க, உட்காருங்க, ஃபைலை மடியிலேயே வைத்திருக்க வேண்டாம், அந்த நாற்காலியில் வைங்க. இன்டர்வியூ எடுக்கிற மூர்த்தி சார் மீட்டிங்கில் இருக்கிறார். மேனேஜர் என்றால் மீட்டிங். உங்களோடு சேர்த்து இன்றைக்கு ஐந்து பேர். நாலு பேர் காலையிலேயே வந்தார்கள். ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனார். ஒருத்திக்கு போன் வந்தது. மற்ற இரண்டு பேரும் ஒன்றுமே சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது. நீங்கள் அப்படியில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

நீங்கள் எந்த இடத்துக்கு வந்திருக்கிறீர்கள், அந்த இடம் எப்படிக் காலியானது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஊரில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். கோயம்புத்தூர் முழுக்க இப்போது என் பெயர்தான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கன்டெய்னர் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். லாரியில் போகிற இரும்புப் பெட்டி இல்லை. ஒரு வேலைக்கு வேண்டிய அத்தனை சாமானையும் ஒரே டப்பாவுக்குள் போட்டு, மூடி, பெயர் எழுதி, கம்ப்யூட்டருக்குள் வைத்துவிடுவது. சோறு, குழம்பு, பொரியல், அப்பளம் வரைக்கும் உள்ளேயே. திறந்து வைத்தால் வேலை நடக்கும். அவ்வளவுதான்.

போன பிப்ரவரியில் தரச் சான்றிதழ் கொடுக்கிற ஆடிட்டர் வந்தார். டீ குடித்தார், முறுக்கு சாப்பிட்டார், ஒரே ஒரு கேள்வி கேட்டார். “உங்க மிஷின்ல என்னென்ன கன்டெய்னர் இருக்கு, இல்லைன்னு யார் பார்க்கறது?” மூர்த்தி சார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். “இவர்தான் பார்க்கறார்” என்றார் மூர்த்தி சார். அன்றைக்குப் பிறந்தது பதிவேடு.

அதோ, அந்த பீரோவுக்கு மேலே இருக்கிறதே, அட்டை போட்டது, அதுதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு பக்கம். இடது பக்கம் கன்டெய்னரின் பெயர். எதிரே எண். அதற்கு எதிரே ‘இருக்கிறது’ அல்லது ‘இல்லை’. கீழே என் கையெழுத்து, பச்சை மையில். பச்சை மை பெரிய ஆபீசர்கள் போடுவது என்று சொல்வார்கள். யார் தடுத்தார்கள்?

பெயர்ப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? எனக்கு முன்னால் இந்த மேஜையில் இருந்தவர் வேலையை விட்டுப் போகும்போது டிராயரில் ஒரு தாளை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதில் பதினோரு பெயர் இருந்தது. தெய்வமாகப் பார்த்து விட்டுவிட்டுப் போன தாள். அப்படியே எடுத்து எழுதிக்கொண்டேன்.

பார்க்கிற விதம் இப்படி. கருப்புத் திரையில், இந்தப் பெயரில் கன்டெய்னர் இருக்கிறதா என்று ஒரு வரி தட்ட வேண்டும். தட்டினால் அது பேசாது. ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. புது மருமகள் மாதிரி நிற்கும். அடுத்த வரியில், சரி முடிவு என்ன என்று இன்னொரு தரம் கேட்க வேண்டும். அப்போது ஒரே ஒரு எண்ணைப் போடும். சைபர், இல்லாவிட்டால் ஒன்று.

நான் படித்த காலத்தில் சைபர் என்றால் இல்லை. ஒன்று என்றால் இருக்கிறது. தட்டில் சைபர் இட்லி என்றால் என்ன அர்த்தம்? பால்வாடிக் குழந்தையைக் கேளுங்க. அதனால் ஒன்று வந்தால் ‘இருக்கிறது’ என்று எழுதினேன். பதினோரு பெயருக்கும் ஒன்றுதான் வந்தது. பதினொன்றும் இருக்கிறது. ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, ஒரு திங்கட்கிழமைகூட மாறவில்லை. ஆடிட்டர் திரும்ப வந்து புரட்டிப் பார்த்து, “இவ்வளவு நிலையான சிஸ்டத்தை நான் பார்த்ததே இல்லை” என்றார். சான்றிதழ் கொடுத்துவிட்டார். உங்கள் தலைக்கு மேலே மாட்டியிருப்பது அதுதான்.

பதினோரு கன்டெய்னர் என்றால் காவலுக்கு ஒரு ஆள் வேண்டுமா இல்லையா? என் மச்சினன் தனபால், பி.காம்., வீட்டில் சும்மா இருந்தான். மூர்த்தி சாரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். கண்காணிப்பாளர் என்று போட்டார்கள். இந்தப் பதினொன்றைப் பற்றி ஏதாவது புகார் வந்தால் எழுதி வைப்பதுதான் வேலை. கெட்டிக்காரன். இன்றைய தேதி வரைக்கும் ஒரு புகார் வந்ததில்லை. ஆண்டு விழாவில் அவனுக்கு ஷீல்டு கொடுத்தார்கள். என் வீட்டுக்காரி அதை டிவி பக்கத்தில் வைத்து வாரா வாரம் துடைக்கிறாள்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம்தான் அந்தப் பெண் வருகிறாள் கதைக்குள். இசக்கி. ஆலங்குளம் பக்கம். அதற்கு முந்தின தீபாவளி கழிந்து வேலைக்குச் சேர்ந்தவள். ஒரு வருஷம் தற்காலிகம், அப்புறம் வேலை பிடித்திருந்தால் பர்மனென்ட் ஆர்டர். அதிகம் பேச மாட்டாள். பேசினால் அவர்கள் ஊர்ப் பேச்சு. அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டுத்தான் அனுப்பி வைத்தாராம். “தீபாவளிக்குள்ள ஆர்டரோட வா. இல்லன்னா பெட்டியோட வா.” அவளே சொன்னாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவள் செய்த கன்டெய்னர் பெயர் ‘வாசல்’. ஒரு மகளிர் கல்லூரி விடுதி. பெயர் வேண்டாம். அங்கே நானூற்றுச் சொச்சம் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். ஊருக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பிள்ளை போனில் கேட்கும், அப்பா அம்மாவுக்கு மெசேஜ் போகும், அவர்கள் சரி என்றால் கேட் காவலாளிக்கு முன்னால் பச்சை விளக்கு எரியும். எல்லாவற்றையும் அந்த ஒரு டப்பாவுக்குள் வைத்திருந்தாள். ஜூன் மாதம் கல்லூரி திறந்த அன்றைக்கு ஓட ஆரம்பித்தது. வார்டன் அம்மா போன் போட்டு வாழ்த்தினார் என்று கேள்வி.

நான் என் கடமையைச் செய்தேன். பன்னிரண்டாவது பெயராக ‘வாசல்’ என்று எழுதினேன். திங்கட்கிழமை தட்டிப் பார்த்தேன். சைபர்.

இன்னொரு தரம் தட்டினேன். சைபர். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தட்டினேன். சைபர்.

நான் என்ன செய்ய? ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அந்தப் பெண் மேல் ஒரு கோபமும் கிடையாது அம்மணி. பதிவேடு ஆள் பார்த்து எழுதுவதில்லை.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். வாரா வாரம் பதினொன்றுக்கு ‘இருக்கிறது’, ‘வாசலுக்கு’ மட்டும் ‘இல்லை’. நல்ல வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை ஃபெயில் ஆன மாதிரி அந்தப் பக்கத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. பதிவேட்டை யார் படிக்கிறார்கள்? இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருந்தால் மூடிவைத்துவிடுவார்கள்.

அக்டோபர் பிறந்தது. இசக்கியின் வருஷம் முடிகிற நேரம். ஆர்டர் போடுவதற்கு முன்னால், இவள் என்ன வேலை செய்தாள் என்று மூர்த்தி சார் பதிவேட்டைப் புரட்டினார். புரட்டினவர் அவளைக் கூப்பிட்டார். நானும் அறையில்தான் இருந்தேன்.

“என்னம்மா, நாலு மாசமா நீ செஞ்ச கன்டெய்னர் இல்லவே இல்லைன்னு இருக்கு?”

“இருக்கு சார். ஓடிக்கிட்டு இருக்கு.”

“பதிவேட்டுல இல்லைன்னு இருக்கே.”

“நேத்து மட்டும் முப்பத்தெட்டு பிள்ளைங்க அதுலதான் சார் வெளிய போயிட்டு வந்திருக்கு. வார்டன்கிட்ட கேளுங்க.”

மூர்த்தி சார் நியாயஸ்தர். நிதானமாகச் சொன்னார். “பாரும்மா, உபயோகத்துல இருக்கறது வேற, இருக்கறது வேற. ஆடிட்டர் வந்தா வார்டனையா கூட்டிட்டு வந்து காட்ட முடியும்? வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். இருக்குன்னு காட்டு. ஆர்டரை வாங்கிக்கோ.”

வெளியே வந்ததும் அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். கோபப்படவில்லை. “சார், ஒரு டீ குடிச்சுட்டு வருவோமா?” என்றாள். கீழே பேக்கரிக்குப் போனோம். எனக்கு டீயும் தேங்காய் பன்னும் சொன்னாள். லேப்டாப்பைத் திறந்து வைத்தாள்.

“சார், தப்பா நெனைக்கக் கூடாது. அந்தக் கமாண்டு எண்ணிச் சொல்லலை. தடங்கல் உண்டான்னுதான் சொல்லுது. நாம ஒருத்தரைத் தேடிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்புதோம்னு வைங்க. ஒரு தடங்கலும் இல்லாம ஆளைப் பாத்துட்டேன்னா சைபர். போன எடத்துல ஆளே இல்லைன்னா ஒண்ணு.”

“அதெப்படிம்மா?” என்றேன்.

“உங்க பேரைப் போட்டுப் பாக்கட்டா?” என்று கேட்டு, குழந்தைவேலு என்கிற பெயரில் கன்டெய்னர் இருக்கிறதா என்று தட்டினாள். ஒன்று என்று வந்தது.

பொய் சொல்லக் கூடாது, எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பத்தொன்பது வருஷ சர்வீஸ், மிஷினுக்கே தெரிந்திருக்கிறது பார் என்று நினைத்தேன்.

“இல்லைன்னு அர்த்தம் சார்” என்றாள்.

அப்புறம் என் பக்கத்து மேஜை டீ கிளாஸ், பன், தேங்காய், காவலுக்குப் படுத்திருந்த நாய், எல்லாவற்றின் பெயரையும் தட்டினாள். எல்லாவற்றுக்கும் ஒன்று. கடைசியில் ‘வாசல்’. சைபர்.

புரிந்துவிட்டதுங்க. புரியாமல் இல்லை. அதை மறைக்கிற ஆள் நான் இல்லை.

“அப்போ அந்தப் பதினொண்ணு?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் சென்னையில வாடகைக்கு எடுத்த மிஷினுக்கு மாறிப் போயி ரெண்டு வருஷம் ஆகுதுல்லா சார். இங்க அதுல ஒண்ணுகூட இல்ல.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “சார், நான் யாருகிட்டயும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். நீங்களே போயி, பாத்த முறையில ஒரு சின்னப் பிசகுன்னு மாத்திருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்துனா போதும். எனக்கு அந்த ஆர்டர் வேணும் சார்.”

டீக்கும் பன்னுக்கும் அவள்தான் கொடுத்தாள். நான் பையில் கை விட்டேன், அதற்குள் கொடுத்துவிட்டாள்.

இப்போது நீங்களே சொல்லுங்க அம்மணி. மாற்றுவது என்றால் எதை மாற்றுவது? ‘வாசலை’ மட்டும் மாற்றினால் போதுமா? சைபர் என்றால் இருக்கிறது என்று ஒரு வரியில் எழுதிவிட்டால், அதற்கு மேலே இருக்கிற பதினொன்றும் என்ன ஆகும்? பிப்ரவரியிலிருந்து எத்தனை பக்கம், எத்தனை பச்சைக் கையெழுத்து! சான்றிதழ் என்ன ஆகும்? தனபால் இல்லாத பதினோரு டப்பாவுக்குக் காவல் இருந்தான் என்று ஆகிவிடாதா? ஷீல்டு டிவி பக்கத்தில் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி சோற்றை யார் போடுவார்கள்? ஒரு பெண்ணுக்கு ஒரு ஆர்டர், அவ்வளவுதான். இந்தப் பக்கம் பார்த்தால் ஒரு கம்பெனி, ஒரு குடும்பம், ஒரு ஆடிட்டர். தராசில் வைத்துப் பார்த்தேன். நான்கு நாள் வைத்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மூர்த்தி சார் அறையில் பெரிய டிவி மாட்டி, கருப்புத் திரையை அதில் போட்டார்கள். இசக்கி தட்டினாள். அது பேசாமல் நின்றது. முடிவு என்ன என்று கேட்டாள். ஆள் உயரத்துக்கு ஒரு சைபர் வந்தது.

“சைபர்தானேம்மா வருது?” என்றார் மூர்த்தி சார்.

அவள் விளக்கம் சொல்லியிருக்கலாம். அந்த நாயின் கதையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “சைபர்னா என்ன அர்த்தம்னு குழந்தைவேலு சாரே சொல்லட்டும் சார். அவுங்களுக்குத் தெரியும்” என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தனபால் கதவோரம் நின்றுகொண்டிருந்தான், புதுச்சட்டை போட்டுக்கொண்டு.

“சைபர்னா இல்லைங்க சார்” என்றேன். “சின்னக் குழந்தைக்குத் தெரியும்.”

நான் சொன்னதில் என்ன தப்பு? ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியே ஆயிரம் அர்த்தம் இருக்கட்டும், எங்கள் ஆபீஸில் சைபர் என்றால் இல்லை. பிப்ரவரியிலிருந்து அப்படித்தான். ஒரு இடத்துக்கு வேலைக்கு வந்தால் அந்த இடத்து வழக்கத்தை அனுசரிக்க வேண்டும். நீங்களும் அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்க.

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. “சரி சார்” என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். ‘வாசல்’ எப்படி ஓடுகிறது, எப்போது எதைப் பார்க்க வேண்டும், தீபாவளி லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மட்டும் எதையும் தொடக் கூடாது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கிளம்பும் என்று எழுதி, ஒப்படைக்கிறேன் என்று கொடுத்தாள். மூர்த்தி சார் வாங்கவில்லை. “இல்லாததை எப்படிம்மா ஒப்படைக்க முடியும்? நான் வாங்கிக்கிட்டா இருக்குன்னு ஆயிடும்” என்றார். அந்தத் தாளை என் மேஜையில் வைத்துவிட்டு, பெட்டியோடு ஊருக்குப் போனாள். வணக்கம் மட்டும் சொன்னாள். அது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பேசிவிட்டுப் போயிருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து ஆடிட்டரிடமிருந்து ஒரு மெயில். பன்னிரண்டாவது பெயர் பதினாறு வாரமாக ‘இல்லை’ என்றே இருக்கிறது. இல்லாத பெயரை ஏன் வைத்திருக்கிறீர்கள்? மிஷினிலும் சுவடு இல்லாமல் சுத்தம் செய்து அறிக்கை அனுப்பவும். மூர்த்தி சார் மெயிலை எனக்குத் தள்ளிவிட்டு ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘உடனே.’

நல்ல காரியத்தை நல்ல நாளில் செய்வோம் என்று வெள்ளிக்கிழமை வரை வைத்திருந்தேன். சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு, கருப்புத் திரையைத் திறந்து, ‘வாசலை’ அழித்துவிடு, கேள்வி கேட்காமல் அழித்துவிடு என்று தட்டினேன். இல்லாததை அழித்தால் யாருக்கு நஷ்டம்? அது கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் தன் பெயரை ஒரு தரம் சொல்லிற்று. ‘வாசல்’ என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். போய்விட்டது. இல்லாதது எப்படிப் பெயர் சொல்லும் என்று கேட்காதீங்க.

மத்தியானம் மூன்று மணிக்கு வார்டன் அம்மா போன் போட்டார். செவ்வாய்க்கிழமை தீபாவளி. நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் பெட்டி, பை, பட்சணப் பொட்டலத்தோடு கேட்டுக்கு உள்பக்கம் நிற்கிறார்கள். பச்சை விளக்கு எரியவில்லை. விளக்கு எரியாமல் திறக்க மாட்டேன் என்கிறார் காவலாளி. அப்பாக்கள் கேட்டுக்கு வெளிப்பக்கம் நிற்கிறார்கள். அப்பனும் மகளும் கம்பி வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்களாம். ஒரு அப்பா கேட்டின் மேலே ஏறிவிட்டாராம்.

“எங்க வாசலை என்ன பண்ணினீங்க?” என்று வார்டன் அம்மா கேட்டார்.

“அப்படி ஒண்ணு எங்ககிட்ட இல்லீங்களே” என்றார் மூர்த்தி சார். மனுஷன் உண்மையைத்தான் சொன்னார். பதிவேடு முன்னால் திறந்தே இருந்தது.

பிறகு வார்டன் அம்மா நோட்டுப் போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, கையால் எழுதி, ஒவ்வொருத்தியாக வெளியே விட்டிருக்கிறார். கடைசிப் பிள்ளை போகும்போது திருநெல்வேலி பஸ், ராமநாதபுரம் பஸ் எல்லாம் போய்விட்டதாம். அதற்கும் நான்தான் காரணம் என்று விடுதியிலிருந்து வந்த கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். பஸ் போனதற்கு நான் என்ன செய்ய?

திங்கட்கிழமை பாதி ஆபீஸ் லீவு. நான் வந்தேன். பதிவேடு இருக்கிறதே. பதினோரு பெயரையும் தட்டினேன். ஒன்று, ஒன்று, ஒன்று. பன்னிரண்டாவது பெயரைத் தட்டினேன். சும்மா, ஒரு பழக்கத்தில்தான் தட்டினேன்.

ஒன்று.

பச்சைப் பேனாவைத் திறந்தேன். என்ன எழுதுவது? வழக்கத்தை மாற்றக் கூடாது. ‘இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூர்த்தி சார் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “அப்பாடா. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணுங்க. கன்டெய்னர் வந்துடுச்சு, ஆர்டர் ரெடின்னு சொல்லுங்க” என்றார். நல்ல மனசு. செய்த வேலைக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்.

தீபாவளி கழிந்து இசக்கி வந்தாள். மூர்த்தி சார் எழுந்து நின்று ஆர்டரைக் கையில் கொடுத்தார். தனபால் கைதட்டினான். அவள் உறையைப் பிரிக்கவில்லை. “ஒரு நிமிஷம் சார்” என்று என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வரி தட்டினாள். முடிவு என்ன என்று கேட்டாள். அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு வந்திருக்கு பார்த்தியா? சந்தோஷந்தானே?” என்றார் மூர்த்தி சார்.

“எப்ப சார் அழிச்சீங்க?” என்று என்னைக் கேட்டாள்.

“அழிக்கலைம்மா. இல்லாததைச் சுத்தம் பண்ணினோம்.”

“நான் எழுதி வச்ச தாளைப் படிச்சீங்களா?”

படிக்கவில்லை. மேஜையில்தான் இருந்தது, அதன் மேல் நான் டிபன் பாக்ஸை வைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. அவள் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

உறையை மேஜையில் வைத்தாள். பிறகு ஒரு விசித்திரமான காரியம் கேட்டாள். “சார், ‘வாசலுக்கு’ எதிர சைபர் போட்ட பதினாறு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கிடட்டுமா?”

“எதுக்கும்மா? அது உனக்கு அவமானமில்லையா?” என்றேன். மனசாரத்தான் கேட்டேன்.

“வேற எடத்துல வேலை கேக்கும்போது காட்டணும் சார். நீங்க தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கீங்க. இதைவிட நல்ல சர்டிபிகேட் எனக்கு யார் தருவா?”

எடுத்துக்கொண்டு போனாள். பதினாறு வாரம் இல்லை, இல்லை, இல்லை என்று நானே எழுதியது. அதைக் கொண்டுபோய் இதே ரோட்டில், நாலு கட்டிடம் தள்ளி ஒரு கம்பெனியில் காட்டினாளாம். எழுத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தார்களாம், அன்றைக்கே நிரந்தர ஆர்டர் கொடுத்தார்களாம். சிரித்தார்கள் என்றும் சொல்கிறார்கள். அவளைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார்கள், சைபரைப் பார்த்து வேலை கொடுத்தவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்களோ. அப்படிப்பட்ட கம்பெனி உருப்படும் என்கிறீர்களா? போன வாரம் அந்த விடுதியும் அவர்கள் பக்கம் போய்விட்டது. வார்டன் அம்மா நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாராம்.

இவ்வளவும் நடந்த பிறகு, மூர்த்தி சார் என்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். என்னிடம்! அதுதான் அம்மணி எனக்குப் பொறுக்கவில்லை. பதிவேட்டில் ஒரு அடித்தல் உண்டா, திருத்தல் உண்டா? ஒரு திங்கட்கிழமை விட்டுப்போனதா? இருக்கிற காலத்தில் ‘இல்லை’ என்றும், இல்லாத காலத்தில் ‘இருக்கிறது’ என்றும் எழுதினேன் என்று சொல்கிறார்கள். ஆனால் ஒரே மாதிரி எழுதினேன், கவனித்தீர்களா? ஒரு நாள் இப்படி ஒரு நாள் அப்படி எழுதினால்தான் தப்பு.

என்ன கேட்கிறீர்கள்? கொஞ்சம் சத்தமாகக் கேளுங்க. இப்போது அந்த மிஷினில் என்ன ஓடுகிறது என்றா?

ஒன்றும் ஓடவில்லை. அதனால்தான் இப்போது சூடே ஆவதில்லை, நன்றாக இருக்கிறது.

வேலை பெரிதாக ஒன்றும் இருக்காது அம்மணி. தனபாலுக்குக் கீழே நீங்கள். பதினொன்றை அவன் பார்த்துக்கொள்வான், ‘வாசலை’ நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். புகார் வராது, நான் உத்தரவாதம். புதிதாக மட்டும் எதையும் செய்துவிடாதீங்க. செய்தால் சைபர் வரும், அப்புறம் நான் எழுத வேண்டிவரும், உங்களுக்கும் எனக்கும் மனக்கசப்பு. வருஷம் முடிந்தால் ஆர்டர். மூர்த்தி சார் வந்ததும் நானே உங்களைப் பற்றி ஒரு வார்த்தை…

எங்கே எழுந்துவிட்டீர்கள்? தண்ணீர் இங்கேயே இருக்கிறதே. டாய்லெட் அந்தப் பக்கம். அட, ஃபைலையும் எடுத்துக்கொண்டா போகிறீர்கள்? அம்மணி, அது படிக்கட்டு. மூர்த்தி சார் இதோ வந்துவிடுவார். நீங்கள் ஒருத்தர்தான் மீதி, நான் அவரிடம் என்ன சொல்ல?

சரி, போங்க. கதவை மட்டும் சாத்திவிட்டுப் போங்க, ஏசி ஓடுகிறது.